செல்லத்துரையா, அந்தோணியா?

போன வாரம் மாட்டுங்கா மார்க்கெட்டில் சேப்பங்கிழங்கு பொறுக்கிக்கொண்டிருந்தபோது முனாஃபிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. முனாஃப் என் நண்பர் காதர் பாயின் பேரன். தாராவியில் பிறந்தவன், இப்போது செம்பூரில் குடியிருக்கிறான். தமிழ் நன்றாகப் பேசுவான், படிக்க மட்டும் வராது. அதனால் எங்கள் கடிதப் போக்குவரத்து முழுக்கக் குரலில்தான்.

"அங்கிள், செம்பூர்ல டர்ஃப் க்ரவுண்ட் புக் பண்ணிருக்கோம். நம்ம பொருநை க்ளப் பேர்லயே டோர்னமென்ட். பெஸ்ட் பிளேயர் ட்ராஃபிக்கு க்ளப்போட லெஜெண்ட் யாராச்சும் பேரு வேணும். ஒரே ஒரு பேரு. உங்களுக்குத்தான் தெரியும்."

எனக்குத்தான் தெரியும். அந்த வாக்கியத்தைக் கிழங்குக் கூடைக்கு முன்னால் நின்று இரண்டு முறை கேட்டேன். ஒரு வருடத்துக்கு முன்னால் இதே கேள்வியை யாராவது கேட்டிருந்தால் தாராவியில் காதர் பாயின் பட்டறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதாகக் காலியாகியிருக்கும்.

கிழங்கை வாங்கிக்கொண்டு திரும்பினால் பூக்கடைகள். நனைந்த சாமந்தியும் வாழைநாரும் கலந்த அந்த வாசனை மற்றவர்களுக்குக் கோயிலை நினைவூட்டும். எனக்கு அது கால்பந்து வாசனை. விளக்கிச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் எனக்கு மூளை கலங்கிவிட்டது என்று நினைப்பீர்கள்.

பம்பாயில் அப்போது கால்பந்து லீக் மழைக்காலத்தில்தான் நடக்கும். எங்கள் பொருநை க்ளப், தாராவித் திருநெல்வேலிக்காரர்கள் சேர்ந்து தொடங்கியது. தாமிரபரணியின் பழைய பெயரை யாரோ படித்தவர் வைத்துவிட்டுப் போய்விட்டார். நடுவர்களுக்கு வாயில் நுழையாது, 'பூர்ணா' என்றுதான் கூப்பிடுவார்கள். சட்டை முதுகில் எண்கள் பாய் பட்டறையின் தோல் கழிவில் வெட்டித் தைத்தவை. மழையில் ஊறியதும் எண் கனத்து, ஆட்டக்காரனின் சட்டை பின்பக்கமாக இழுக்கும். மூன்றாம் டிவிஷனில்தான் எப்போதும் இருந்தோம். ஒரே ஒருமுறை இரண்டாம் டிவிஷனுக்கு ஏறினோம். அடுத்த மழைக்கே இறங்கிவிட்டோம்.

நான் மாட்டுங்காவாசி, பாலக்காட்டுக் குடும்பம், ஃபோர்ட்டில் ஒரு ஆபீசில் கிளார்க். தாராவிக்காரர்களின் க்ளப்பில் எனக்கு என்ன வேலை என்று கேட்டால் சரியான பதில் இல்லை. ஒரு மழை நாள் ஒதுங்குவதற்காக மைதானத்து ஓரக் கூரைக்குக் கீழே போனேன். அங்கே குடைக்குள் நின்று கத்திக்கொண்டிருந்தவர் காதர் பாய். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். தோல் பைகள் தைக்கும் பட்டறை முதலாளி. மழை நின்ற பிறகும் நான் போகவில்லை என்பதுதான் என் கால்பந்து வரலாறு.

எங்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ரசிகர்கள் கூட்டாக ஒரு மாலை வாங்குவோம். ஆட்டத்துக்கு முன்பே வாங்கிவிட வேண்டும். யாருக்கு என்பது ஆட்டம் முடிந்த பிறகு, சண்டை போட்டு முடிவாகும். கோல் அடித்தவனுக்கு என்று விதி கிடையாது. தோற்ற நாளிலும் மாலை உண்டு, அன்றைக்குத்தான் சண்டை அதிகம். மாலை கழுத்தில் விழுந்தவன் அதோடு தாராவி டீக்கடை வரைக்கும் நடக்க வேண்டும்.

மாலை வாங்குவது என் பொறுப்பு, ஏனென்றால் மாட்டுங்காவில் இறங்குபவன் நான் ஒருவன்தான். முதல் தடவை பூக்காரம்மா கேட்டாள்.

"மாலை யாருக்குப்பா?"

"இன்னும் தெரியாது. சாயங்காலம்தான் தெரியும்."

அவள் முகம் மாறிவிட்டது. "ஐயோ, டாக்டர் அப்படிச் சொல்லிட்டாரா?" என்றாள். காசு குறைத்துக்கொண்டாள். உண்மையைச் சொல்ல எனக்கும் மனம் வரவில்லை.

அந்த மாலையை அதிகம் சுமந்த கழுத்துகள் இரண்டு. செல்லத்துரை, அந்தோணி.

செல்லத்துரை இடது விங்கில் ஆடுவான். ஆட்டம் தொடங்குவதற்கு முன் செருப்பைக் கழற்றிவிட்டு மைதானம் முழுக்க வெறுங்காலில் நடப்பான். எங்கே தண்ணீர் தேங்கியிருக்கிறது, எவ்வளவு ஆழம் என்று காலால் படித்துக்கொள்வான். பிறகு வேகமாக ஓடிவந்து, பந்தை வேண்டுமென்றே ஒரு குட்டைக்குள் தட்டுவான். பந்து 'சொத்' என்று நின்றுவிடும். மறிக்க வந்தவன் நிற்க முடியாமல் சறுக்கிக்கொண்டு கொடிக்கம்பம் வரைக்கும் போவான். இவன் குனிந்து, தண்ணீரிலிருந்து குழந்தையைத் தூக்குகிற மாதிரி பந்தைக் காலால் எடுத்துக்கொண்டு உள்ளே வருவான். நான் கால்பந்துப் புத்தகங்கள் நிறையப் படித்திருக்கிறேன். எதிலும் இதைப் பார்த்ததில்லை.

அந்தோணி அப்படி இல்லை. ஸ்டாப்பர், கோலுக்கு முன்னால் நின்று மறிப்பவன். பாயின் பட்டறையில் தோல் வெட்டுபவன். ஆட்டம் முடிந்தால் அவன் சட்டையின் நிறத்தை அவனைப் பெற்றவள்கூடச் சொல்ல முடியாது. கோல் அடித்து நான் பார்த்ததில்லை. நம் பக்கத்துக் கோலில் அடித்ததைக் கணக்கில் சேர்க்காமல் சொல்கிறேன். அம்பர்நாத்தில் ஒரு தொழிற்சாலை தன் அணிக்கு ஆடக் கூப்பிட்டு நிரந்தர வேலையும் தருவதாகச் சொன்னது. போகவில்லை. "அங்கன மீனு நல்லாருக்காதாம்ணே" என்றான். அதற்கு மேல் யாரும் அவனிடமிருந்து காரணம் வாங்கவில்லை.

செல்லத்துரைக்கும் அப்படி ஒரு அழைப்பு வந்தது, டிராம்பேயில் ஒரு பெட்ரோல் சுத்திகரிப்பு ஆலையிலிருந்து. வேலை, குடியிருப்பு, மருத்துவம், எல்லாம். அவன் போனான். யாரும் தடுக்கவில்லை. "போலே, கம்பெனி வேல லேசா கெடைக்காது" என்று சொல்லி பஸ் ஏற்றிவிட்டதே காதர் பாய்தான்.

அடுத்த மழையில் அந்த ஆலை அணியோடு எங்களுக்கு ஆட்டம் விழுந்தது. பம்பாய் மில் வேலைநிறுத்தத்துக்கு மறுவருடம், எண்பத்து மூன்று. நான் செவ்வாய்க்கிழமை என்பேன், பாய் புதன் என்பார். கணபதியைக் கடலில் கரைப்பதற்கு முந்தின வாரம் என்பதில் மட்டும் இருவருக்கும் சம்மதம். தேதி விஷயத்தில் நான் யாரிடமும் தோற்றதில்லை, ஆனால் பாயிடம் ஜெயித்ததும் இல்லை.

மாஹிம் பக்கத்து மைதானம். செல்லத்துரை கம்பெனிச் சட்டையோடு இறங்கியதும் எங்கள் பக்கம் பொங்கியது. இரண்டாம் பாதியில் இடது விங் எங்கள் கூரைக்கு நேர் முன்னால் வந்ததால் அவன் தப்பிக்கவும் வழியில்லை.

"ஏ பெட்ரோல்! டாங்கி ஃபுல் ஹோ கயா க்யா, ரொம்பிருச்சாலே?"

"கேன்டீன்ல பிரியாணி போட்டாங்களாலே? ஓட முடியலயோ?"

உரக்கக் கத்தியவர் காதர் பாய். பஸ் ஏற்றிவிட்ட அதே வாய். செல்லத்துரை திரும்பியே பார்க்கவில்லை. காது மட்டும் சிவந்திருந்தது.

ஆட்டம் முடிய கொஞ்ச நேரம் இருக்கும்போது பந்து அவனுக்கு வந்தது. எங்கள் கூரைக்குக் கீழே இருந்த அத்தனை பேருக்கும் அடுத்து என்ன நடக்கும் என்று தெரியும். குட்டையில் தட்டினான். பந்து நின்றது. அந்தோணி, பயிற்சியில் அந்த வித்தையைத் தினமும் பார்த்த அந்தோணி, பாய்ந்து, சறுக்கி, எங்கள் காலடியில் வந்து விழுந்தான். கோல். அந்த ஒரே கோலில் தோற்றோம்.

இனிமேல் நடந்ததைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன்.

விசில் ஊதியதும் செல்லத்துரை நேராக எங்கள் கூரைக்கு வந்தான். அவனுடைய அணி மைதானத்தின் அந்தக் கோடியில், கம்பெனி பஸ்ஸின் அருகே கூடிக்கொண்டிருந்தது. இவன் எங்கள் ஆட்கள் உட்காரும் பெஞ்சில், வழக்கமாகத் தான் உட்காரும் ஓரத்தில் உட்கார்ந்தான். பூட்ஸைக் கழற்றினான். காலுறையைப் பிழிந்தான். பக்கத்தில் சேற்றோடு கிடந்த அந்தோணியைப் பார்த்துக் கோபமாக ஆரம்பித்தான்.

"எத்தன வாட்டிலே ஒனக்குச் சொல்லியிருக்கேன்? தண்ணியில பந்து நின்னுரும், பாயாத, பாயாதன்னு. அந்த ஒரு கோலுதான? இல்லன்னா இன்னைக்கு டிரா பண்ணிருக்கலாம்லா?"

அந்தோணி நிதானமாக முகத்துச் சேற்றைத் துடைத்தான்.

"சரிலே. அந்தக் கோல அடிச்சவன் எவன்?"

செல்லத்துரை பதில் சொல்ல வாயைத் திறந்தான். பிறகு குனிந்து தன் சட்டையைப் பார்த்தான். அவன் முகத்தில் அப்போது தெரிந்ததை நான் இதுவரை வேறு எந்த முகத்திலும் பார்க்கவில்லை. வீடு மாறியவர்கள் பழைய வீட்டுக் கதவில் சாவியைப் போட்டுவிட்டு விழிப்பார்களே, கிட்டத்தட்ட அப்படி.

மாலை பாயின் கையில் இருந்தது. பாய் ஓர் அடி முன்னால் வந்தார். மாலையை விரித்துப் பிடித்த கை செல்லத்துரையின் பக்கமாக உயர்ந்தது. இது என் சாட்சியம். அந்தக் கணத்தில் பஸ்ஸிலிருந்து ஒருவர், "அரே செல்லா, சல் சல், தேர் ஹோ ரஹா ஹை!" என்று நேரமாவதைச் சொல்லிக் கத்தினார். செல்லத்துரை பூட்ஸைக் கையில் எடுத்துக்கொண்டு சேற்றில் வெறுங்காலோடு ஓடினான். மாலை அந்தோணியின் கழுத்தில் விழுந்தது.

அதன் பிறகு நாற்பது வருடம் நானும் பாயும் இதைப் பேசினோம். பட்டறையில், லோக்கல் ரயிலில், அவர் மகள் கல்யாணப் பந்தியில்.

"க்ளப்பை விட்டுப் போனதையே மறந்துட்டு வந்து உட்கார்ந்தானே பாய், அவனைவிட யாரு நம்ம ஆளு?"

"மறந்தவன் பெருசா வே? நாலு எடத்துலேந்து கூப்பிட்டும் போவாதவன் பெருசா? மால யாருக்குப் போட்டேன், அதச் சொல்லும்."

"முதல்ல உங்க கை யாரு பக்கம் போச்சு, அதைச் சொல்லுங்கோ."

"வே மாட்டுங்கா, மொதல்ல ஒம்ம கண்ணாடிய மாத்தும்."

வெளிநாடுகளில் பெரிய க்ளப்புகள் இப்படிப்பட்டவர்களுக்குச் சிலை வைக்கின்றன, அவர்கள் போட்ட எண்ணை அதன் பிறகு யாருக்கும் கொடுப்பதில்லை என்று படித்திருக்கிறேன். எங்களிடம் சிலைக்கு இடம் ஏது? இந்தச் சண்டைதான் இருந்தது. நாங்கள் பேசிக்கொண்டிருந்த வரைக்கும் இரண்டு பேரும் சேறு காயாமல் அப்படியே நின்றார்கள்.

பல வருடம் கழித்து, வேலையிலிருந்து ஓய்வு பெற்று மகளோடு இருந்த செல்லத்துரையை ஒருமுறை தேடிப்போய்க் கேட்டேன். காபி கொடுத்து உபசரித்தார். "பொருநைக்கு எதிரா கோல் அடிச்சேனா? இருக்காதே சார்" என்றார். பெஞ்சும் மாலையும் எதுவுமே அவருக்கு நினைவில்லை. ஓடிவந்து பாயிடம் சொன்னேன். பாய் அலட்டிக்கொள்ளவில்லை. "அவனுக்கு என்ன வே தெரியும்?" என்றார்.

இப்போது செல்லத்துரை இல்லை. அந்தோணி ஊரோடு போய், அங்கேயே முடிந்துபோனான். போன ரமலானுக்கு அப்புறம் பாயும் படுத்தார். ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனேன். உடம்பு போர்வைக்குள் இருக்கிறதா என்று தேட வேண்டியிருந்தது. என்ன பேசுவது என்று தெரியாமல், அவருக்குச் சந்தோஷமாக இருக்கட்டும் என்று, "பாய், யோசிச்சுப் பார்த்தேன். நீங்க சொன்னதுதான் சரி. அந்தோணிதான்" என்றேன்.

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"என்ன வே," என்றார். "டாக்டர் உம்மகிட்ட என்னமும் சொன்னானா?"

"இல்லை பாய், நிஜமாத்தான்..."

"தோத்துக் குடுக்கவா இம்புட்டுத் தூரம் வந்தீரு? அவ்வளவுக்கா எனக்கு முடியாமப் போச்சு? எந்திச்சுப் போவும்."

பயந்துபோய், உடனே செல்லத்துரைக்காக வாதாட ஆரம்பித்தேன். கை உயர்ந்த கதையைச் சொன்னேன். "புளுவாதயும்" என்றார். நர்ஸ் வந்து துரத்தும்வரை திட்டினார். அதுதான் கடைசி.

சேப்பங்கிழங்குப் பையோடு வீட்டுக்கு வந்து, முனாஃபுக்குக் குரல் அனுப்பினேன். "செல்லத்துரை." காரணமும் சொன்னேன். சொல்லி முடித்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது. எதிரணியே இல்லாத காலி மைதானத்தில் கோல் அடித்த மாதிரி. அதனால் இன்னொரு செய்தியும் பேசி அனுப்பினேன், அந்தோணிக்காக. பாய் சொல்வதையெல்லாம், என்னால் முடிந்தவரை அவர் சொல்கிற முறையிலேயே சொன்னேன். அம்பர்நாத், மீன், சேறு, கடைசியில் மாலை விழுந்த கழுத்து. என் கண்ணாடியைக்கூட விட்டுவைக்கவில்லை. நேர்மையாகச் சொல்கிறேன், அந்தோணியின் பக்கம்தான் கொஞ்சம் பலமாக விழுந்தது.

முனாஃபின் பதில் உடனே வந்தது. நல்ல பையன், மரியாதையில் குறை வைக்கமாட்டான்.

"அங்கிள், ரெண்டுமே மஸ்த் ஸ்டோரி! எந்தப் பேர்னாலும் ஓகே. யாருக்கும் ப்ராப்ளம் இல்ல. ப்ரின்ட்வாலா வெயிட் பண்றான், ஜல்தி ஒண்ணு சொல்லிருங்க."

செல்லத்துரை என்றே போடச் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை செம்பூருக்குப் போனேன். மொட்டைமாடி மாதிரி உயரத்தில், சுற்றிலும் வலை கட்டி, பச்சை ரப்பர் புல் விரித்த இடம். ஒரு சொட்டுத் தண்ணீர் தேங்காது. மணிக்கணக்குக்கு வாடகை என்பதால் ஆட்டம் முடிந்ததும் அடுத்த கூட்டம் கதவில் நின்றது, அவசரமாகக் கோப்பையைக் கொடுத்தார்கள். மைக்கில் ஒரு பையன், "செல்லாதுரய் லெஜெண்ட் ட்ராஃபி!" என்று கூவினான்.

எல்லோரும் கை தட்டினார்கள். நான் வலைக்கு வெளியே நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். ஒருவர்கூடத் திட்டவில்லை.