தொலைக்காட்சிக்குள் போன குரல்

சில வருடங்களுக்கு முன், ஒரு பங்குனி மாத மத்தியானம், யாழ்ப்பாணத்துக் குருநகரில் ஒரு கூத்துக்காரர் வீட்டில் நடந்தது இது.

நான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன். சண்டிலிப்பாயில் புகையிலைத் தோட்டம், பிறகு திருவிழாக்களுக்கு ஒலிபெருக்கி கட்டுவது என்று திரிந்தேன். அப்போது என்னிடம் லினக்ஸ் போட்ட பழைய மடிக்கணினி ஒன்று இருந்தது. பஸ்ஸில் விழுந்து திரை உடைந்திருந்தது. கூடவே ஓடியோ இன்டர்ஃபேஸ் என்ற சின்னப் பெட்டி. மைக்கின் சத்தம் அதன் வழியாகத்தான் கணினிக்குள் போகும்.

அந்தக் கூத்துக்கார அண்ணைக்குத் தொண்டையில் புற்றுநோய். மறுநாள் குரல்வளையை எடுக்கப்போகிறார்கள். அதற்குள் ஒரு கூத்துப் பாட்டையாவது பதிந்து வைக்க வேண்டும் என்று அவர் மனைவி என்னைக் கூப்பிட்டிருந்தார். அந்தோனியார் படத்துக்குக் கீழே இருந்த தொலைக்காட்சியைக் கணினியோடு பொருத்தி எனக்குத் திரையாக்கினேன்.

கூத்தில் ஒருவர் பாடும் அடியைப் பின்னால் நிற்பவர்கள் திருப்பிப் பாட வேண்டும். பிற்பாட்டு இல்லாமல் பாடமாட்டேன் என்று அண்ணை பிடிவாதமாக நின்றார். அவர் மனைவியான அக்காவும் நானும் பிற்பாட்டுக்காரர் ஆனோம்.

"உவ படிச்சா கடலிலை ஒரு மீனும் நில்லாது" என்று அக்காவின் பாட்டைக் கேலிசெய்து சிரித்துவிட்டு அண்ணை தொடங்கினார்.

பாடி முடித்ததும் பதிந்ததைப் போட்டுப் பார்த்தேன். பெட்டியில் செருகிய ஹெட்ஃபோனில் ஒரு சத்தமும் இல்லை. வயரை மாற்றினேன். மறுபடி பாடினார். இல்லை. கணினியை நிறுத்தி மறுபடி போட்டேன். மூன்றாம் முறை பாதியிலேயே குரல் கிழிந்தது.

"காணும் தம்பி, இனிப் பாட விடாதேங்கோ" என்று சொல்லிவிட்டு அக்கா அடுப்படிப் பக்கம், குசினிக்குள் போனார். நான் வயர்களையே குடைந்துகொண்டிருந்தேன். ஓடிக்கொண்டிருந்த பதிவை நிறுத்தக்கூட மறந்துபோனேன்.

"இஞ்சேரும், ஒருக்கால் வாரும். சுடுதண்ணி" என்று அண்ணை அக்காவைக் கூப்பிட்டார்.

"வாறன், வாறன். நாளையிலையிருந்து எப்பிடிக் கூப்பிடுவியளெண்டு பாப்பம்."

சொன்ன பிறகுதான் அக்காவுக்கே உறைத்தது.

"கோப்பையிலை தட்டுவன்" என்றார் அண்ணை.

கடைசியாகக் கணினியில் ஒலி அமைப்புப் பக்கத்தைத் திறந்தேன். சத்தம் உள்ளே வரும் இடத்தில் என் பெட்டி சரியாகத்தான் இருந்தது. வெளியே போகும் இடத்தில் தொலைக்காட்சி! அதைப் பொருத்தியதுமே கணினி தானாக அங்கே மாறியிருக்கிறது. அவருக்கு இந்தத் தொண்டை வருத்தம் வந்ததிலிருந்து அந்த வீட்டில் தொலைக்காட்சியின் சத்தத்தை முழுவதும் குறைத்தே வைத்திருந்தார்கள். அவர் பாடும்போதெல்லாம் திரையில் அலைக்கோடுகள் ஓடத்தான் செய்தன. ஒலிபெருக்கிக்காரன் நான், காதில் விழாததால் அந்தக் கோடுகளை வெறும் இரைச்சல் என்று ஒதுக்கிவிட்டேன்.

அக்கா ரிமோட்டை அழுத்தினார். முதல் பாட்டு வீடு முழுக்க நிறைந்தது. பிறகு மற்றவையும், அந்தச் சுடுதண்ணிப் பேச்சும்.

சில மாதம் கழித்துப் பார்க்கப் போனேன். கழுத்தில் துணியோடு அண்ணை முன்னறையில் இருந்தார். என்னைக் கண்டதும் தன் போனை எடுத்து ஓர் எண்ணை அழுத்தினார். குசினிக்குள் அக்காவின் போன் அவருடைய குரலிலேயே அடித்தது: "இஞ்சேரும், ஒருக்கால் வாரும்."

"வாறன், வாறன்! இந்த மனிசன்ரை அவசரம் இன்னும் போகேல்லை."

பாட்டு வெளிநாட்டில் பிள்ளைகளிடம் இருக்கிறதாம். ஒன்றுமே பதியவில்லை என்று நான் நொந்து நின்ற நேரத்தில்தான் அந்த வீட்டுக்கு நாள்தோறும் வேண்டியது பதிவாகிக்கொண்டிருந்தது என்பதை, பதிவுக்காக என் பெட்டியை எடுக்கும்போதெல்லாம் இன்றுவரை நினைத்துக்கொள்கிறேன்.