கிணற்றில் இருந்தது மருந்தல்ல

போன காலபோக நெற்பருவத்தில், வயலெங்கும் களைக்கு மருந்தடித்து முடித்திருந்த நேரம், மல்லாவிப் பக்கத்தில் ஒரு முன்பள்ளிக் கிணற்றடியில் நடந்தது இது. நான் பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் வேலை பார்ப்பவள். கிணற்று நீரைச் சோதிக்க, நகமளவு கண்ணாடித் தகடும், அதில் லேசர் ஒளி பாய்ச்சும் கருவியும் கொண்டுபோயிருந்தேன். தகட்டுக்குள் தலைமயிரளவு வாய்க்கால்கள். அவற்றில் ஒரு துளி நீரை ஓடவிட்டால், அதில் கலந்திருக்கும் இரசாயனத்துக்கு ஏற்பத் திரும்பிவரும் ஒளி மாறும். திரையில் கோடு எழும். களைநாசினி சொற்பமாக இருந்தாலும் தப்பாது.

அன்று அந்தக் கிணற்று நீருக்குக் கோடு செங்குத்தாக எழுந்தது. பிள்ளைகளுக்குத் தேநீர் வைக்கும் பெண்ணிடம், "தண்ணியில மருந்து இருக்கு அக்கா" என்றேன்.

"அப்ப நல்லதுதானே. சுகாதாரக்காரர் வந்து போட்டிருப்பினம்" என்றபடி அவர் வாளியை இறக்கினார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வயலுக்கு அடிப்பதும் மருந்து, கிருமி கொல்லக் கிணற்றுக்குப் போடுவதும் மருந்து, காய்ச்சலுக்குக் குடிப்பதும் மருந்து. "இது நஞ்சு அக்கா. பிள்ளையளுக்குக் குடுக்காதேங்கோ" என்றேன்.

அந்தச் சொல் ஊர்க் கமக்காரர் சங்கத் தலைவரை இழுத்துவந்தது. "நஞ்செண்டு கதைச்சால் எங்கட நெல்லை ஆர் வாங்குவினம்? உந்தக் கண்ணாடித் துண்டை நம்பிக் கிணத்தை மூடேலாது, பிள்ளை" என்றார். பிறகு வாளித் தண்ணீரோடு முன்பள்ளிக்குள் போய் இரண்டு போத்தலோடு வந்தார். "ஒண்டு கடைத்தண்ணி, மற்றது கிணத்துத்தண்ணி. எது எதெண்டு உம்மட கண்ணாடி சொல்லட்டும்."

இரண்டிலும் ஒரே கோடு. முதல் ஓடிய நீர் தகட்டில் ஒட்டியிருக்கிறதோ என்று ஐயப்பட்டேன். புதுத் தகடு போட்டு, ஆய்வுகூடத்துச் சுத்த நீரை ஓடவிட்டேன், கோடு எழவில்லை. திரும்ப அவருடைய போத்தல்கள். அதே கோடு.

"ஐயா, ரெண்டும் இந்தக் கிணறுதான்" என்றேன்.

"நல்ல கடைத்தண்ணி" என்றார் அந்த அக்கா. வாளிக் கயிற்றைக் கப்பியிலிருந்து உருவித் தோளில் போட்டுக்கொண்டு, "இனி ஆர் அள்ளுறது எண்டு பாப்பம்" என்றார்.

தலைவர் போகும்போது, "அறிக்கை எழுதேக்க மருந்தெண்டே எழுதுங்கோ" என்றார். 'உம்மட' போய் மரியாதையான 'ங்கோ' வந்திருந்தது. நான் நஞ்சு என்றுதான் எழுதினேன். ஆய்வுகூடத்தில் எனக்கு மேலே உள்ளவர்களும் சொல்லை மாற்றச் சொன்னார்கள். மாற்றவில்லை. என்ன நுட்பமான கருவி வந்தாலும், அது கண்டதை அதன் பெயரிலேயே சொல்ல ஒரு வாய் வேண்டும்; என் வாயை யார் சொல்லியும் இனி மூடப்போவதில்லை.