வெளுத்துப்போன ஸ்லைடு

என் வலது கை விரல்கள் பல வருஷமாக ரோஸ் நிறம். திருக்கோவிலூரில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் யாராவது ஒரு அத்தை கையைத் திருப்பிப் பார்த்து, "மருதாணி சூப்பரா புடிச்சிக்கீதுடி" என்பாள். அது மருதாணி இல்லை, நோயாளிகளின் சளியைக் கண்ணாடியில் பூசி அதன்மேல் ஊற்றுகிற சாயம் என்று விளக்குவேன். அத்தை என் கையை மெதுவாக விட்டுவிட்டு, தன் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு பந்திக்குப் போய்விடுவாள். சாப்பிடும்போது எனக்கு அடுத்த இலை பெரும்பாலும் காலியாகத்தான் இருக்கும். தாராளமாகக் காலை நீட்டி உட்கார்ந்து சாப்பிடலாம்.

கல்வராயன் மலையில் ஒரு சுகாதார நிலையத்தில் நான் லேப் டெக்னீஷியன். கீழே ஊர்களில் சளியை மெஷினே பார்த்துச் சொல்லிவிடுகிறது. எனக்கு வாய்த்தது இரண்டு பாட்டில் சாயமும் ஒரு மைக்ரோஸ்கோப்பும்தான். சளியை ஸ்லைடில் பூசிச் சிவப்புச் சாயம் ஊற்றி, ஸ்பிரிட் விளக்கை அடியில் காட்டி, ஆவி வரும்வரை சூடாக்கிக் கழுவ வேண்டும். பிறகு ஆசிட் ஊற்றினால் எல்லாம் வெளுத்துவிடும், டிபி கிருமியைத் தவிர. அது ஒருமுறை பிடித்த சிவப்பை விடாது. கடைசியில் நீலம் ஊற்றிக் கழுவிப் பார்த்தால் நீலத்துக்கு நடுவே சிவப்புக் குச்சிகளாக மாட்டிக்கொள்ளும். இத்தனை கொள்கைப்பிடிப்பை எங்கள் துறையில் நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை.

ஆனால் ஆய்வுக்கு வருகிற அதிகாரிகளுக்குக் கிருமி ஒரு பொருட்டே இல்லை. அவர்கள் பார்ப்பது சிங்க். மைக்ரோஸ்கோப்பில் பார்க்கத் தெரியாத அதிகாரி உண்டு, சிங்க்கைப் பார்க்கத் தெரியாத அதிகாரி கிடையாது. சிவப்பும் நீலமும் தினமும் வழிகிற சிங்க் எந்த நிறத்தில் இருக்கும்? ஒருமுறை வந்த பெரிய அதிகாரி அதைப் பார்த்து, "இன்னாம்மா இது, சிங்க்ல ஹோலி கொண்டாடுனீங்களா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். டாக்டர் முதல் வாட்ச்மேன் வரை சிரித்தார்கள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

அவர் மறுபடி வருகிறார் என்று தகவல் வந்ததும் ஒரு வைராக்கியம் பிறந்தது. எங்களிடம் குழாய்த் தண்ணீர் நினைத்தபோதுதான் வரும். அதனால் சிங்க்குக்கு மேல் குழாய் வைத்த ஒரு பிளாஸ்டிக் டிரம்மில் தண்ணீர் பிடித்து வைத்திருப்போம். ஸ்லைடு கழுவுவதெல்லாம் அந்தத் தண்ணீரில்தான். அந்த டிரம்மிலேயே பிளீச்சிங் பவுடரைத் தாராளமாகக் கலந்துவிட்டேன். ஒவ்வொரு முறை குழாயைத் திறக்கும்போதும் சிங்க் தானாக வெளுக்கும், அவர் கண் முன்னால் சாயம் ஊற்றினாலும் கறை நிற்காது. என்ன மூளை எனக்கு என்று நானே மெச்சிக்கொண்டேன்.

அன்று காலை சளி கொடுக்க வந்தவள் ஒரே ஒருத்தி. இருபது சொச்சம் வயதுப் பெண், மூன்று வாரமாக இருமல்.

"புள்ளைய மாமியாகிட்ட வுட்டுட்டு தனியா படுத்துக்கினு இருக்கேங்க. ஒன்றர வயசு. ராவெல்லாம் எங்கிட்ட வரணும்னு அழுவுறான். ஒண்ணும் இல்லன்னு நீங்க சொல்லிட்டா தூக்கிக்குவேன்" என்றாள்.

யாரும் சொல்லாமல் அவளாகவே செய்த காரியம் இது. நாங்கள் சுவரில் ஒட்டியிருக்கும் டிபி போஸ்டரைப் படித்துப் பார்த்த ஒரே ஆள் அவளாகத்தான் இருக்கும்.

அதிகாரி வந்தார். அவர் எதிரிலேயே சிவப்பு ஊற்றினேன், கழுவினேன், ஆசிட் ஊற்றினேன், கழுவினேன், நீலம் ஊற்றினேன், கழுவினேன். சிங்க் பால் மாதிரி இருந்தது. அவருக்குப் பரம சந்தோஷம். மைக்ரோஸ்கோப்பிலும் குனிந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். அது இரண்டு கண்ணாலும் பார்க்கிற மைக்ரோஸ்கோப்.

"ஸ்லைடு இன்னா க்ளீனா கீது பாருங்க! இதான் வேலை" என்று டாக்டரிடம் சொன்னார்.

பிறகு நான் பார்த்தேன். நூறு இடம் பார்க்க வேண்டும், நூறும் பார்த்தேன். ஒரு சிவப்புக் குச்சி இல்லை. நீலம்கூட இருந்தும் இல்லாத மாதிரி இருந்தது. கை பழகிவிட்டதால் இப்படிச் சுத்தமாக வருகிறது என்று நினைத்துக்கொண்டேன், பாராட்டு தலைக்கு ஏறிய நேரம். வெளியே வந்து அவளிடம், "உனக்கு ஒண்ணும் இல்லம்மா" என்றேன். இருமல் மருந்துக்குக்கூட நிற்காமல் ஓடினாள்.

பிளீச்சிங் பவுடர் நெடி தாங்கவில்லை என்று சாயங்காலம் டிரம்மைக் கவிழ்த்துப் புதுத் தண்ணீர் பிடித்தோம். அத்தோடு மறந்தும் போனேன்.

பதினோரு நாள் கழித்து, மறுபரிசோதனைக்கு அனுப்ப ஸ்லைடுகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். எல்லாம் நீலமாக இருக்க, ஒன்று மட்டும் ஜன்னல் கண்ணாடி போல வெறுமையாக இருந்தது. வெளிச்சத்தில் பிடித்தேன், அந்தப் பக்கம் நிற்கிற ஜீப் தெரிந்தது. எண்ணைப் பார்த்தேன். அவளுடையது. அந்தத் தண்ணீரில் சிங்க் மட்டுமா வெளுத்திருக்கும்? ஆசிட்டுக்கு மசியாத சிவப்பை நான் பிளீச்சிங் பவுடர் போட்டு வெளுத்திருக்கிறேன்.

அதே ஸ்லைடுக்கு நல்ல தண்ணீரில் மறுபடி சாயம் ஏற்றினேன். லென்ஸில் கண்ணை வைத்த முதல் இடத்திலேயே சிவப்புக் குச்சிகள். அடுத்த இடத்திலும் இருந்தன. நூறு இடம் பார்க்கத் தேவையே இருக்கவில்லை.

டாக்டரிடம் சொன்னேன். மெஷின் கோளாறு என்று அவளிடம் சொல்லிவிடலாமே என்றார். எங்களிடம் மெஷினே இல்லை என்பது அவருக்கு நினைவில்லை. நானே போய்ச் சொல்லிக்கொள்கிறேன் என்று கிளம்பினேன்.

அவள் ஊருக்குப் பஸ்ஸை விட்டு இறங்கிக் கொஞ்ச தூரம் நடக்க வேண்டும். அவள் வாசலில் உட்கார்ந்து மடியில் பையனை வைத்துச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வாயையும் தன் உதட்டருகே பிடித்து ஊதி ஊதி ஊட்டினாள்.

"தப்பு என்னுதுதாம்மா. அன்னிக்கு நான் சரியா பார்க்கல. உனக்கு டிபி இருக்குது. மாத்திரை சாப்ட்டா சரியாப்பூடும்" என்றேன்.

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சோற்றுக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"என்னை வுடுங்க. இவனுக்கு?"

அந்த வயதுப் பிள்ளைக்குச் சளி துப்பத் தெரியாது. ஸ்லைடில் பூச எதுவும் கிடைக்காது, என்னிடம் உள்ள எந்தச் சாயமும் அவனைப் பற்றி ஒன்றும் சொல்லாது. "கள்ளக்குறிச்சி பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போய் காட்டணும். நானும் வரேன்" என்றேன்.

அவள் உடனே மாமியாரைக் கூப்பிட்டுப் பையனைக் கொடுத்தாள். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு நாலடி தள்ளிப் போய் நின்றாள். நாங்கள் ரோட்டுக்கு நடந்து போய் நின்ற பிறகும், பஸ் வரும்வரை அவன் அம்மாவைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டி அழுதுகொண்டே இருந்தான். அவள் கையைக் கட்டிக்கொண்டு, வாங்காமல் நின்றாள்.