லீலா மேரி அழித்த வீடியோ

சினிமாவில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவர்கள் கொலைகாரனைக் கண்டுபிடிக்கிற அழகே தனி. இருட்டறையில் உட்கார்ந்து படபடவென்று தட்டுவார்கள், திரையில் பச்சை எழுத்தாக ஓடும், கடைசியில் ஹெலிகாப்டரே வந்து இறங்கும். பெரம்பலூர் துறைமங்கலத்தில் வாடகைக்குக் குடியிருக்கும் லீலா மேரிக்கும் கம்ப்யூட்டர் வேலைதான். அவளுக்குக் கழுத்து வலி வந்தது, மூக்குக் கண்ணாடி வந்தது. ஹெலிகாப்டர் மட்டும் இன்றுவரை வந்தபாடில்லை.

ஜனங்கள் போனில் எடுத்துப் போடுகிற வீடியோக்களில், இது சரியில்லை என்று யாராவது புகார் கொடுத்தால் அது அவள் ஆபீசுக்கு வந்து சேரும். டைல்ஸ் கடைக்கு மேலே இரண்டாவது மாடி. வீடியோவைப் பார்க்க வேண்டும், இருக்கலாமா எடுத்துவிடலாமா என்று முடிவு செய்து பட்டனை அழுத்த வேண்டும். அழுத்தியதும் அடுத்தது வந்து நிற்கும். வெட்டு, குத்து, தூக்கு, தீக்குளிப்பு. இதற்கு மேலும் உண்டு, அதையெல்லாம் அவளே வீட்டில் சொல்வதில்லை, நமக்கெதற்கு.

புருஷன் அமல்தாஸ் சிமெண்ட் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவன். முதுகில் டிஸ்க் விலகியதிலிருந்து வீட்டோடு இருக்கிறான். சோறு ஆக்குவதும் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டு வருவதும் அவன்தான். "லீலா கம்ப்யூட்டர்ல டைப் அடிக்கிறா" என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிவைத்திருந்தான். குடும்பம் ஓடுவது அவள் ஒருத்தி சம்பளத்தில்.

சேர்ந்த புதிதில் ஒழுங்காக ஹெட்போன் மாட்டிக்கொண்டுதான் பார்த்தாள். அந்த அலறலெல்லாம் அவளோடு பஸ் ஏறி வீட்டுக்கும் வந்தது. குக்கர் விசிலடித்தாலே திடுக்கிட்டாள். பிறகு பக்கத்து சீட்டுக்காரர்கள் செய்வதைப் பார்த்து அவளும் பழகிக்கொண்டாள்: சத்தத்தை அணைத்துவிடுவது, வேகத்தைக் கூட்டிவிடுவது, திரையின் நடுவை மட்டும் பார்ப்பது. அப்படிப் பார்த்தால் பார்த்த மாதிரியும் இருக்கும், பார்க்காத மாதிரியும் இருக்கும். மேலே இருப்பவர்களுக்கும் இது தெரியும். வேலை சீக்கிரம் முடிகிறதே, யார் கேட்கப் போகிறார்கள்.

அந்த வேலையில் அவளுக்கென்று ஒரே ஒரு சந்தோஷம் இருந்தது. அது ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் வரும். லீலா பிறந்தது ஏலாக்குறிச்சிக்குப் பக்கத்தில். அங்கே வருஷா வருஷம் பாஸ்கா போடுவார்கள், சேசுநாதர் பாடுபட்டதை ஊரே சேர்ந்து நடிக்கிற நாடகம். அவள் அண்ணன் மரிய ஆல்பர்ட்தான் சேசு. ஒரு வருஷம் சேசுவைச் சாட்டையால் அடிக்கிற காட்சியைப் பார்த்து, பாஸ்கா என்றால் என்னவென்றே தெரியாத எந்த ஊர்க்காரனோ எல்லா வீடியோவையும் அழித்துவிட்டான். அண்ணன் போனில் குதித்தான். "நாங்க உசுரக் குடுத்து நடிச்சா ஒங்க கம்பெனி சேசுவையே தூக்கிடுச்சே!" லீலா ஆபீசில் சண்டை போட்டு அத்தனையையும் மீட்டுக்கொடுத்தாள். அன்றிலிருந்து தவக்காலத்தில் கட்டிவைத்து அடிக்கிற மாதிரி எது வந்தாலும், "லீலாக்கா, ஒங்க ஆளுங்க வந்துட்டாங்க" என்று டீம் லீடர் அறிவரசன் அவள் பக்கம் தள்ளிவிடுவான். அவளும் பார்த்துவிட்டு 'நாடகம்' என்ற பட்டனை அழுத்துவாள். வீடியோ பிழைத்துக்கொள்ளும்.

இந்த வருஷமும் அப்படி ஒன்று வந்தது. வேப்பமரத்தில் ஒரு பையனைக் கட்டியிருந்தார்கள். சட்டை இல்லை, முதுகெல்லாம் சிவப்பு. லுங்கி கட்டிய நாலைந்து பேர் சுற்றி நின்றார்கள், ஒருவன் கையில் பெல்ட், இன்னொருவன் சிரித்துக்கொண்டிருந்தான். பாஸ்கா ஒத்திகையில் சேசுவை அடிக்கிற சேவகர் வேஷக்காரர்கள் இப்படித்தான் லுங்கியோடு வந்து இளித்துக்கொண்டு நிற்பார்கள். குங்குமத்தை எண்ணெயில் குழைத்து முதுகில் அப்புவார்கள். 'சேவகனுக்கு நடிப்பே வரலையே' என்று மனதுக்குள் கேலிகூடச் செய்தாள். நாடகம் என்று அழுத்திவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டாள்.

மறுநாள் காலையில் அறிவரசன் அவளைத் தன் மேஜைக்குக் கூப்பிட்டான். முகம் வெளுத்திருந்தது.

"லீலாக்கா, இது பாஸ்காவா?"

முந்தின நாள் வீடியோவை ஓடவிட்டு ஹெட்போனை நீட்டினான். வாங்கி மாட்டிக்கொண்டாள். மரத்தில் கட்டியிருந்த பையனின் குரல்.

"நான் எடுக்கலண்ணே. சத்தியமா லாரி பேட்டரிய நான் எடுக்கலண்ணே. தண்ணியாவது குடுங்கண்ணே."

அப்போதுதான் லீலா அந்தப் பையனின் காலைப் பார்த்தாள். ஒரு காலில் செருப்பு இருந்தது. சேசு வேஷம் கட்டுகிறவன் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று செருப்பைக் கழற்றினால் ஈஸ்டர் முடிந்துதான் மாட்டுவான். ஒத்திகையானாலும் சரி, கடைக்குப் போனாலும் சரி, வெறுங்கால்தான். அவள் ஊரில் அது மாறாத நேர்ச்சை. அந்த ஆபீசிலேயே இது தெரிந்த ஒரே ஆள் அவள். தெரிந்தவள் திரையின் நடுவை மட்டும் பார்த்திருக்கிறாள்.

"எடுத்துடுங்கக்கா. மேல சொல்லியாச்சு" என்றான் அறிவரசன்.

அவள் விரல் போய் அழித்தது. அது பழகிய விரல், அவளைக் கேட்டா செய்கிறது. அழிந்த பிறகுதான் அவளுக்கு வாய் வந்தது.

"மேலன்னா யாருகிட்ட அறிவு?"

"கம்பெனிகிட்டதான்க்கா. அவங்க விசாரிச்சு, எந்த ஊருன்னு பாத்து…"

"அவங்க எப்பப் பாத்து, எப்பச் சொல்றது? இது நம்ம அரியலூருப் பக்கம். பின்னாடி சுண்ணாம்புக் குழி தெரியுதுல்ல, படிபடியா வெட்டி, பச்சத் தண்ணி நிக்குது."

"அக்கா, கையெழுத்துப் போட்டுருக்கோம். இங்க பாக்குறத வெளிய சொன்னா வேல இருக்காது. ஒங்களுக்கு நான் சொல்லணுமா?"

சொல்ல வேண்டியதில்லைதான். தலைவலி என்று அரை நாள் லீவு போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தாள். அமல்தாஸ் கீரை ஆய்ந்துகொண்டிருந்தான். இத்தனை வருஷத்தில் முதல்முறையாகத் தான் பார்த்த ஒன்றை அவனிடம் சொன்னாள். அழுகை வரவில்லை. அழக்கூடத் தெம்பில்லாமல் சொன்னாள்.

அவன் கீரையைக் கீழே வைத்தான். "பக்கத்துல இடிஞ்சு போன எடைமேடை இருந்துச்சா? லாரி எட போடுறது?"

"இருந்துச்சுங்க. ஒரு தகரக் கொட்டாயும் இருந்துச்சு."

"அப்ப அது கைவிட்ட பழைய குழி. எனக்குத் தெரியும். அங்கிட்டு இப்ப ஒருத்தரும் போறதில்ல." ஈரக் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டான். "ஒனக்கு வேல போயிடும் லீலா."

"போவும்."

"நான் இந்த முதுக வச்சுக்கிட்டு…" முடிக்காமல் எழுந்து சட்டையை மாட்டினான். "வா, போவலாம். பஸ்ல ஒக்காந்தா வலிக்கும், வலிச்சா வலிச்சுட்டுப் போவுது."

அரியலூர் ஸ்டேஷனில் பெண் எஸ்.ஐ. ஒருவர் இருந்தார். லீலா சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். பிறகு எல்லாரும் கேட்கக்கூடிய கேள்வியைக் கேட்டார்.

"வீடியோ எங்கம்மா?"

"அழிச்சாச்சு மேடம்."

"யாரு அழிச்சது?"

"நாந்தான்."

எஸ்.ஐ. பேனாவைக் கீழே வைத்தார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. இப்படி ஒரு சாட்சியை அவரும் அன்றைக்குத்தான் பார்க்கிறார்.

சுவரோரம் பெஞ்சில் ஓர் அம்மாள் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தாள். உடையார்பாளையத்துக்காரி. முந்திரிக்கொட்டை உடைத்து உடைத்து விரலெல்லாம் கறுத்திருந்தது. லாரி ஷெட்டுக்கு வேலைக்குப் போன மகன் ராஜராஜன் திரும்பி வரவில்லை என்று வந்தவள். அவனை யாரோ அடிக்கிற வீடியோவைத் தெருக்காரர் ஒருவர் அனுப்பியிருக்கிறார். பார்த்த கையோடு போனைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். ஸ்டேஷனுக்குள் வந்து அமுக்கினால், 'இந்த வீடியோ இப்போது இல்லை' என்று வெறும் சாம்பல் நிறத் திரைதான் வந்தது. அமுக்கிக்கொண்டே இருந்தாள்.

"காலையில இருந்துச்சுங்க மேடம். எம்புள்ளையப் போட்டு அடிக்கிறானுவ. கண்ணால பாத்தேனுங்க. இப்பக் காணலீங்க."

அந்தச் சாம்பல் திரை லீலாவுக்குத் தெரியாததா? ஒரு நாளைக்கு எத்தனை பேருக்கு அதைப் போட்டுவிட்டு வருகிறாள். அதன் முன்னால் ஒருத்தி உட்கார்ந்து அமுக்கிக்கொண்டிருப்பாள் என்று இதுவரை நினைத்ததில்லை. வெட்கமாக இருந்தது.

"இருந்துச்சு மேடம். அவங்க சொல்றது நெசம். நான் பாத்தேன்."

"எழுதிக் குடுப்பீங்களா? பேரு, வேல பாக்குற எடம், எப்புடிப் பாத்தீங்க, எல்லாம் போடணும்."

"போட்டுக்குங்க."

அந்த அம்மாள் எழுந்து வந்து லீலாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "பாத்தியா தாயி? நீ பாத்தியா? உசுரோட இருந்தானா?"

"இருந்தாருங்கம்மா. பேசிக்கிட்டிருந்தாரு."

நாடகம் என்று நினைத்துக் கேலி செய்ததை மட்டும் அவள் சொல்லவில்லை.

வழி காட்ட அமல்தாஸ் ஜீப்பில் போனான். பொழுது சாய்வதற்குள் தகவல் வந்துவிட்டது. எடைமேடைக்குப் பக்கத்துத் தகரக் கொட்டகையில் ராஜராஜன் கிடந்திருக்கிறான். கால் முறிந்திருந்தது, நாக்கு வறண்டு பேச்சு வரவில்லை, உயிர் இருந்தது. இன்னொரு பகல் அந்தத் தகரச் சூட்டில் கிடந்திருந்தால் சொல்வதற்கில்லை என்றார் டாக்டர். அடித்த ஷெட்டுக்காரர்களைப் பிடித்தார்கள். ஷெட்டில் பேட்டரியைத் திருடியது வேறு ஆள் என்பதும் தெரியவந்தது.

ஆபீசிலிருந்து நல்ல இங்கிலீஷில், வருத்தம் தெரிவித்து, மரியாதையாக வேலையை விட்டு அனுப்பினார்கள். அறிவரசன் படி இறங்கி வாசல்வரை வந்தான். "அக்கா, ஒங்க எடத்துல நான் இருந்திருந்தா…"

"நீ இருந்திருந்தா பேசாம வேலையப் பாத்திருப்ப. கைக்கொழந்தைய வச்சிருக்க, பாக்கணும். மேல போடா."

அதோடு முடிந்திருந்தால் லீலாவும் நிம்மதியாகப் படுத்திருப்பாள். ஆனால் தேடியபோது கிடைக்காத அந்த வீடியோ, பையன் பிழைத்துக்கொண்ட பிறகு எங்கிருந்தோ கிளம்பி வந்தது. எவனோ எடுத்து வைத்திருந்திருக்கிறான். ஒருவன் அதில் குத்துப்பாட்டைச் சேர்த்தான், இன்னொருவன் அவன் அழுகிற இடத்தை மட்டும் வெட்டிக் காமெடி வசனம் ஒட்டினான். டீக்கடை, பஸ் ஸ்டாண்டு, கல்யாண வீட்டுப் பந்தி, எங்கே பார்த்தாலும் அதுதான். இந்த ஜனங்களுக்கு என்னதான் வேண்டும் என்று லீலாவுக்கு எரிச்சலாக வந்தது. பிறகு எரிச்சல்படவும் அலுத்துப்போனது.

சாத்துக்குடி வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். ராஜராஜன் போர்வையை முகம்வரை இழுத்துவிட்டுக்கொண்டு படுத்திருந்தான். "இவங்கதான்டா" என்றாள் அம்மா. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. அம்மா தண்ணீர் பிடிக்க வெளியே போன பிறகுதான் வாயைத் திறந்தான்.

"அக்கா, நீங்க வீடியோ அழிக்கிற வேலன்னு அம்மா சொல்லுச்சு."

"ஆமா தம்பி."

"அத எடுத்துடுங்கக்கா. எங்கூடப் படிச்சவனெல்லாம் பாக்குறான். பக்கத்துக் கட்டில்காரர் மவன் எம்முன்னாடியே போட்டுச் சிரிக்கிறான். அடிச்சதக்கூடத் தாங்கிக்கிட்டேன்க்கா."

வேலை போய்விட்டது என்று அவனிடம் எப்படிச் சொல்வது? தன் போனை எடுத்தாள். ஊரில் எல்லாரும் செய்கிற மாதிரி, அந்த வீடியோவைத் தேடிப் பிடித்து, மூலையில் இருக்கும் புகார் என்பதை அமுக்கினாள். வன்முறை என்று குறித்தாள். இது நிஜம், இந்தப் பையன் என் எதிரில் படுத்திருக்கிறான் என்று எழுத அதில் இடமே இல்லை. எங்கேயோ ஒரு மாடியில், கழுத்து வலியோடு ஒரு பெண் சத்தத்தை அணைத்துவிட்டு இதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். குத்துப்பாட்டுக்கு ஆடும் வீடியோ என்று அதன்மேல் எழுதியிருப்பது அவள் கண்ணில் படும். அவள்மேல் லீலாவுக்குக் கோபம் வரவில்லை.

சாத்துக்குடி உரித்து முடிப்பதற்குள் பதில் வந்தது. பார்த்தார்களாம், விதிமீறல் எதுவும் இல்லையாம்.

"என்னக்கா வந்துருக்கு?" என்றான் ராஜராஜன்.

"பாத்துக்கிட்டிருக்காங்களாம் தம்பி. நீ சாப்புடு."

சுளையை அவன் கையில் கொடுத்துவிட்டு, அதே வீடியோவை வேறு யார் யார் போட்டிருக்கிறார்கள் என்று தேட ஆரம்பித்தாள்.