பெட்டி எண் இல்லாத படம்

ஆவணக் காப்பகத்தில் தேடுகிறவர்களுக்கு ஒரு பாலபாடம் உண்டு: முதலில் பெட்டியின் லேபிளைப் படம் எடு, பிறகு உள்ளே இருப்பதை எடு. கல்லூரியில் சரித்திரம் நடத்தும் டீச்சர் இதைப் பத்து வருடமாக மாணவர்களுக்குச் சொல்லிவருகிறார். அன்று வாசிப்பறையை மூடப் பத்து நிமிடம் இருந்தது. டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் வாசலில் ஏழு பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும் பழைய படம் ஒன்று கையில் வந்தது. அவசரத்தில் செல்போனில் ஒரே ஒரு கிளிக். லேபிளை மறந்தே போனார்.

வீட்டுக்குப் போனதும் ஃபேஸ்புக்கில் போட்டார்: "இவர்களில் யாரையாவது தெரியுமா?" மூன்றாம் நாள் பதில் வந்தது.

"இடது பக்கத்துலேர்ந்து மூணாவது என் அம்மா. எண்பது வயசு சித்தி பாத்துட்டு அழறாங்க. எனக்கு ரெண்டு வயசுல அம்மா போயிட்டாங்க. வீட்ல ஒரு படம்கூட இல்ல. பெரிசு பண்ணா முகம் கட்டம் கட்டமா உடையுது. அசலைப் பாக்க முடியுமா?"

எழுதியவர் ஓய்வுபெற்ற நர்ஸ். அறுபத்து மூன்று வயது.

"எந்தப் பெட்டிங்க?" என்று, மறுபடி வந்து நின்ற டீச்சரிடம் கேட்டார் காப்பக ஊழியர்.

"தெரியலையே."

"டெலிபோன் இலாகா மட்டும் நூத்தி நாப்பது பெட்டி மேடம். நீங்களே இப்படின்னா உங்க பிள்ளைங்க உருப்பட்ட மாதிரிதான்."

டீச்சர் முதல் பெட்டியிலிருந்து தேடத் தொடங்கினார். ஐந்து சனிக்கிழமைகள், முப்பத்தெட்டு பெட்டிகள். ஒவ்வொரு சாயங்காலமும் நர்ஸிடமிருந்து மெசேஜ் வரும்: "கிடைச்சாங்களா?"

ஆறாவது வாரம் டீச்சர் வெட்கத்தை விட்டு, ஃபேஸ்புக்கில் ஆய்வாளர்கள் குழுவில் தன் தப்பைத் தேதியோடு எழுதினார். அன்றைக்கு அந்த அறையில் யாராவது இருந்தீர்களா?

"லேபிள் எடுக்கலைன்னு எனக்கு மார்க் குறைச்சது நீங்கதானே டீச்சர்!" என்று குதித்து வந்தாள் ஒரு பழைய மாணவி. "நானும் அங்கதான் இருந்தேன். நீங்க தலையே நிமிரல, கூப்பிட பயம்."

அன்று அவள் தன் மேஜையோடு ஒரு செல்ஃபி போட்டிருந்தாள். அவள் தோளுக்குப் பின்னால் டீச்சரின் குனிந்த தலை. பக்கத்தில் பெட்டி. லேபிளில் தொண்ணூற்றொன்று.

திங்கட்கிழமை காலை, கதவு திறக்கும் முன்பே நர்ஸ் வாசலில் நின்றார். ஊழியர் பூதக்கண்ணாடி கொடுத்தார். அசலில் எல்லாம் துல்லியமாக இருந்தது: கோணல் வகிடு, பொட்டுத் தோடு, சிரிப்பை அடக்கிக் கடித்த கீழுதடு.

"இந்த உதடு என் பொண்ணுக்கு இருக்கு," என்றார் நர்ஸ். "அவளைவிடப் பத்து வயசு சின்னவங்க, டீச்சர். அம்மான்னு கூப்பிடவே கூச்சமா இருக்கு."

"கூப்பிடுங்க சிஸ்டர். இங்க வேற யாரு இருக்கா?"

ஊழியர் எதையோ எடுக்கப் போவதுபோல வெளியே நகர்ந்தார்.

வார்டில் வந்த நோயாளிகளை எல்லாம் "என்னம்மா, ஏதம்மா" என்று விசாரித்தவர்தான் நர்ஸ். ஆனால் வளர்த்த சித்தியைச் சித்தி என்றே கூப்பிட்டுப் பழகியவர். தனக்கென்று 'அம்மா' என்ற சொல்லை அறுபத்தோரு வருடமாகச் சொன்னதில்லை. குனிந்தார். உதடு இரண்டு முறை பிரிந்து மூடியது. மூன்றாவது முறை பூதக்கண்ணாடியில் ஆவி படிந்தது.