உட்கார்ந்தவள் ஆன வெல்டர்

வெல்டர் பிரெஞ்சு கற்றது, மனைவியின் ஃபோன் பேச்சை ஒட்டுக்கேட்டுத்தான். பெண்டாட்டியிடம் போய்க் கேட்க அவருடைய வீம்பு விடவில்லை. முந்தின நாள் வேலையை ஏன் நிறுத்தினார் என்று பிரெஞ்சுக்கார மேஸ்திரி விசாரித்தபோது, தலைசுற்றி உட்கார்ந்துவிட்டதை அவள் சொல்வதுபோலவே ‘அஸீஸ்’ என்று சொல்லி முடித்தார். பட்டறையே சிரித்தது.

"என்னக்கா, எப்ப பொண்ணானீங்க?" என்றான் கூட வேலை பார்க்கும் தமிழ் பெயின்டர்.

தமிழில் ‘உட்கார்ந்தேன்’ இருவருக்கும் பொது. பிரெஞ்சு இறந்தகாலத்திலோ பெண் ‘அஸீஸ்’ என்பாள், ஆண் ‘அஸீ’ என்பான்.

வீட்டுக்கு வந்து மனைவிமேல் எரிந்து விழுந்தார். "உன்னாலதான் என் மானம் போச்சு!"

"நானா சொல்லிக்குடுத்தேன்? ஒரு நாளாவது கேட்டீங்களா?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது அவருக்கு. சாப்பிட்டு முடித்தபின், தலைநிமிராமல் கேட்டார். "சரி, ‘வந்தேன்’னு எப்படிச் சொல்றது?"

"அது ஆம்பள சொன்னாலும் பொம்பள சொன்னாலும் காதுக்கு ஒண்ணுதான். பயப்படாம சொல்லுங்க."