எண்பத்திரண்டுக்குள்

இருபத்து நான்கு கிலோ குறைத்தபோது சுதாகர தேவாடிகாவுக்கு மாலை போட்டார்கள். அந்த இருபத்து நான்கும் திரும்பி வராமல் பார்த்துக்கொள்வதற்கு மாலை கிடையாது என்பது இரண்டு மாதம் கழித்துத்தான் அவருக்கு உறைத்தது.

கங்கொள்ளித் துறைமுகத்தை ஒட்டிய காவல் நிலையத்தில் அவர் தலைமைக் காவலர். நூற்றைந்து கிலோவை வைத்துக்கொண்டு எந்தத் திருடனைத் துரத்துவீர்கள் என்று மேலிடத்தில் ஒருவர் கேட்டதன் விளைவாக, மாவட்டத் தலைநகர் மைதானத்தில் குண்டுக் காவலர்களுக்கென்று ஒரு முகாம் போட்டார்கள். ஏழு மாதம் தகரக் கொட்டகையில் படுத்து, விடியுமுன் ஓடி, வேகவைத்த கொள்ளையும் வெள்ளரிக்காயையும் தின்று, எண்பத்தொன்றாக ஊர் திரும்பினார் சுதாகரர். பத்திரிகையில் முன்னே பின்னே என்று இரண்டு படம் வந்தது. குண்டாக இருந்த படத்தில்தான் சிரித்துக்கொண்டிருந்தார்.

கூடவே ஓர் உத்தரவும் வந்தது. மாதாமாதம் முதல் வாரத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் எடை பார்த்து, சீட்டு மாவட்ட அலுவலகத்துக்குப் போக வேண்டும். எண்பத்திரண்டைத் தாண்டினால் மறுபடி மூன்று மாதம் மைதானம்.

“இன்னொரு தரம் போனீங்கன்னா நீங்க திரும்பி வர வேண்டாம்” என்று சொல்லியிருந்தாள் மனைவி லீலாவதி. “கொறஞ்ச எடைய மட்டும் பார்சல்ல அனுப்புங்க.” மாமனாரின் பக்கவாதம், கிணற்று மோட்டார், பெண்ணின் பரீட்சை எல்லாவற்றையும் ஏழு மாதம் தனியாக இழுத்தவள். விளையாட்டாகச் சொல்லவில்லை.

முகாமில் ஒரு வசதி இருந்தது. தட்டில் என்ன விழ வேண்டும் என்பதை வேறொருவர் முடிவு செய்தார். அங்கிருந்து கிளம்பும்போது கொடுத்த தாளிலோ ‘இனி வழக்கம்போல் சாப்பிடலாம்’ என்று இருந்தது. வழக்கம்போல் சாப்பிட்டுத்தான் நூற்றைந்துக்குப் போயிருந்தார்.

ஆகவே எடை இயந்திரம் ஒன்று வாங்கினார். காலையில் எழுந்ததும் ஒரு தரம், கழிப்பறை போய் வந்து ஒரு தரம், குளித்தபின் ஒரு தரம் ஏறினார். சக காவலர் பாஸ்கர பூஜாரியின் புதுமனை விருந்தில் நெய்யில் வறுத்த கோழியும் நீர்தோசையும் ஒரு பிடி பிடித்த மறுநாள் எண்பது அறுநூறு. இரவுச் சாப்பாட்டையே தள்ளிய மறுநாள் எண்பத்தொன்று ஐந்நூறு. முன்னுக்குப் பின் முரணாகப் பேசும் சாட்சிகளை இருபது வருடம் பார்த்தவர்தான். ஆனால் எந்தச் சாட்சியையும் அவர் தன் லுங்கியை அவிழ்த்து வைத்துவிட்டு விசாரித்ததில்லை.

நிலையத்தில் அன்றாடம் ‘விசேஷம் ஒன்றுமில்லை’ என்று அறிக்கை எழுதி அனுப்புவார்கள். அந்த ஒரு வரிக்காக எட்டுப் பேர் வெயிலில் நடந்திருப்பார்கள். மேலே யாரும் அதைப் படிப்பதில்லை. இப்போது உடம்புக்குள்ளும் அதே வேலை, இதற்கு வார விடுமுறையும் இல்லை.

அக்டோபர் முதல் திங்களுக்கு இரண்டு நாள் முன்பு, சனிக்கிழமை காலை, எண்பத்தொன்று எழுநூறு. ஞாயிறன்று குந்தாபுரத்தில் லீலாவதியின் அக்கா மகளுக்கு நிச்சயதார்த்தம்.

“நான் வரல. நீ போ.”

“பொண்ணோட சித்தப்பா வரலைன்னா என்ன நெனைப்பாங்க?”

“எளைச்சுட்டேன்னு நெனைப்பாங்க.”

“சக்கரை வியாதின்னு நெனைப்பாங்க. இப்பவே அப்படித்தான் பேசிக்கறாங்க.”

அவள் போனாள். சுதாகரர் சனிக்கிழமையே கஞ்சிக்கு மாறியிருந்தார். அந்தக் கடற்கரையில் காய்ச்சல் வந்தாலும் கஞ்சி, கையில் காசில்லை என்றாலும் கஞ்சி, மனசு சரியில்லை என்றாலும் கஞ்சி. புழுங்கலரிசிக் கஞ்சி, உப்பில் ஊறிய மாவடு, சுட்ட கருவாடு. கஞ்சி குடித்துக் குண்டானவன் என்று ஊரில் ஒருவரையும் அவர் கேள்விப்பட்டதில்லை.

ஞாயிறு காலை எண்பத்திரண்டு இருநூறு.

பாவம் தீரவில்லை போலும் என்று தண்டனையைக் கூட்டினார். சோற்றுப் பருக்கையை வடித்துவிட்டுக் கஞ்சித் தண்ணீர் மட்டும், அதில் கல்லுப்பு, கடித்துக்கொள்ள மாவடு. மாலையில் லீலாவதி போளியைப் பொட்டலமாகக் கொண்டுவந்து வைத்தாள். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தார்.

திங்கள் காலை எண்பத்திரண்டு தொள்ளாயிரம்.

சுகாதார நிலையத்து நர்ஸ் பெனடிக்டா சிஸ்டர் முள்ளைப் பார்த்தார், அவர் முகத்தைப் பார்த்தார்.

“கல்யாணச் சாப்பாடா?”

“போகவே இல்ல சிஸ்டர். சனிக்கிழமை எண்பத்தொண்ணு எழுநூறுதான். ரெண்டு நாளா கஞ்சி.”

“கூட என்ன?”

“மாவடு.”

“எத்தனை?”

சுதாகரர் யோசித்தார். “இருபது இருக்கும்.”

“கருவாடு?”

“சுட்டதுதான். எண்ணெய் ஒரு சொட்டு கெடையாது.”

சிஸ்டர் குனிந்து அவருடைய சாக்ஸை இறக்கி, முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்தினார். எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது.

“இது கொழுப்பு இல்லய்யா, தண்ணி. நீங்க தின்ன உப்பு பிடிச்சு வெச்சிருக்கு. ரெண்டு நாள்ல ஒரு கிலோ கொழுப்பு ஏறணும்னா அந்த நிச்சயதார்த்தப் பந்திய நீங்க ஒருத்தரே முடிச்சிருக்கணும்.”

போயிருக்கலாம் என்ற எண்ணம் வந்து நெஞ்சில் உட்கார்ந்தது.

“எண்பத்திரண்டுன்னே எழுதிடுங்க சிஸ்டர். வீட்ல நெலமை சரியில்ல.”

“போலீஸ்காரர் வந்து பொய் எழுதச் சொல்றீங்க. நல்லா இருக்கு.” உத்தரவை எடுத்துப் படித்தார். “முதல் வாரம்னுதான் போட்டிருக்கு. வியாழக்கிழமை வாங்க, அன்னிக்கு என்ன காட்டுதோ அதை எழுதறேன். அதுவரைக்கும் மாவடு, கருவாடு தொடக்கூடாது. தண்ணி நல்லா குடிங்க. மூணு வேளையும் சாப்பிடணும். சோறு, புது மீன் கொழம்பு, கீரை.”

“எடை கொறைய சாப்பிடச் சொல்றீங்களா?”

“கொறைய இல்ல. உங்க நெஜமான எடை என்னன்னு தெரிய. இன்னொண்ணு, வீட்டு மெஷின்ல ஏறக்கூடாது.”

கடைசி நிபந்தனையில்தான் அவர் முகம் வாடியது.

லீலாவதி இயந்திரத்தைப் பட்டுப்புடவைகளோடு பீரோவில் வைத்துப் பூட்டினாள். செவ்வாயன்று சுதாகரர் சோற்றைத் தின்றார், ஒவ்வொரு கவளமும் மைதானத்தின் பக்கம் ஓரடி என்பதுபோல. இரண்டு நாள் பட்டினி கிடந்தவனின் பசி வேறு, வெட்கமில்லாமல் இன்னும் இன்னும் என்றது.

புதனன்று துறைமுகத்தில் ரோந்து. ஏலக் கூடத்தில் மீன் கூடை நிறுக்கும் பெரிய தராசு ஆளில்லாமல் கிடந்தது. கால் தானாக அதனருகே போய் நின்றது.

“ஏறுங்க ஹெட்டு” என்றார் படகுக் கணக்கர் இஸ்மாயில். “அயிலை வெலைக்கே எடுத்துக்கறேன்.”

“முன்னாடி சுறா வெலைக்குக் கேட்டாங்க” என்றாள் கூடைக்காரி ஒருத்தி. “இப்ப எறங்கிப் போச்சு பாவம்.”

சிரித்தார்கள். ஏறினால் தெரிந்துவிடும். தெரிந்து, கூடுதல் என்றால் இன்றிரவு பட்டினி. குறைவு என்றால் இன்றிரவு போளி. இரண்டுமே நல்லதல்ல என்பது அந்த வெயிலில் அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது. தெரிந்ததால் சந்தோஷம் ஒன்றும் வரவில்லை, அலுப்புத்தான் வந்தது. தராசைச் சுற்றிக்கொண்டு நடந்தார்.

வியாழன் காலை எண்பத்தொன்று முந்நூறு. சிஸ்டர் சீட்டில் எழுதி முத்திரை குத்தினார்.

“அடுத்த மாசமும் இப்படித்தான் ஆடும். எண்பதுக்கும் எண்பத்திரண்டுக்கும் நடுவுல எங்க நின்னாலும் அது உங்க எடைதான். வாரத்துல ஒரு நாள் பாருங்க, போதும்.”

“இது எப்ப முடியும் சிஸ்டர்?”

“முடியறதுக்கு இது காய்ச்சலா?”

மத்தியானம் லீலாவதி தட்டு வைத்துவிட்டுக் கேட்டாள்: “கூடிச்சா, கொறஞ்சுதா?”

“ரெண்டும் இல்ல.”

“அப்ப போறதில்லையே?”

“இந்த மாசம் போறதில்ல.” கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். “பீரோ சாவி உங்கிட்டயே இருக்கட்டும். ஞாயித்துக்கிழமை காலைல மட்டும் குடு.”

“புதன்கெழமை கேட்டா?”

“குடுக்காதே.”

“கத்துவீங்க.”

“கத்துவேன். குடுக்காதே.”

அவள் இரண்டு கரண்டி சோறு வைத்து, மூன்றாவதைக் கையில் ஏந்தியபடி நின்றாள். “போதுமா?”

ஏழு மாதம் இந்தக் கேள்விக்கு முகாம் பதில் சொன்னது. அதற்கு முன்பு இருபது வருடம் யாரும் கேட்டதே இல்லை. சுதாகரர் சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். மீன் குழம்பு ஆறிக்கொண்டிருந்தது.

“அரைக் கரண்டி” என்றார்.